அப்பா இல்லாத வருடத்தில் திருவருகைக்காலம்

சகோதரி, அப்பா அக்டோபரில் தவறிவிட்டதால் இந்த வருடம் ஸ்டார் வேண்டாம், குடில் வேண்டாம் என்று அம்மா சொல்கிறார், கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் வரும் திருவருகைக்காலத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாரை விடுங்கள், பரவாயில்லை. திருவருகைக்காலத்தை விடாதீர்கள்.

கோவிலில் கவனியுங்கள், இது கொண்டாட்டமல்ல, காத்திருக்கும் காலம். குருவானவர் ஊதா உடுத்தியிருப்பார். ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' என்ற மகிழ்ச்சிப் புகழ்ப்பாடலைப் பாடமாட்டார்கள். முதல் ஞாயிறு நற்செய்தியே உலக முடிவில் ஆண்டவர் மறுபடி வரும் இரண்டாம் வருகைக்கு விழித்திருக்கச் சொல்வதுதான். வழிபாடு பெத்லகேம் பக்கம், இயேசுவின் பிறப்பின் பக்கம், முழுதாகத் திரும்புவது டிசம்பர் 17 முதல்தான். இறந்தவர்கள் உயிர்த்தெழுவதும் அந்த இரண்டாம் வருகையோடு சேர்ந்த நம்பிக்கை. அப்பாவை மறுபடி பார்ப்போம் என்று நீங்கள் ஏங்குகிறீர்களே, இந்தக் காலம் அதற்கும்தான்.

இந்தக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்தி வளையத்தின் கதையும் காத்திருப்பதுதான். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் வீஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் நாளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

எங்கள் அம்மா தவறிய வருடம், ஒரு எவர்சில்வர் தட்டில் நான்கு மெழுகுவர்த்திதான் வைத்தோம். மூன்றாவது ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. அன்றைக்கான ரோஜா நிற மெழுகுவர்த்தியை ஏற்ற எனக்குக் கை வரவில்லை, தங்கைதான் ஏற்றினாள். இருவரும் அழுதோம். அதுவும் செபம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் ஞாயிறு மாலை அம்மாவை ஒரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை பூசைக்கு முடிந்தால் கூட்டிப்போங்கள். அன்று வழக்கமாக விவிலியத்தின் எசாயா நூல் 40ஆம் அதிகாரம், ஆறுதல் சொல்லும் பகுதி வாசிப்பார்கள்.