இத்தனை துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகும் அமெரிக்கர்கள் ஏன் முழுத் தடை கேட்பதில்லை?

சென்னையில் உரிமம் உள்ளவரே தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். எங்கள் தெரு ராணுவப் பெரியவர் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பின் 2-வது திருத்தம் தரும் உரிமை. காலப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், காவல்துறை போன்றோர் தவிர யாருக்கும் கைத்துப்பாக்கி கூடாது என்றவர்கள் 1959-இல் 60 சதவீதம், 2023-இல் 27தான். கொலை நடந்ததும் கடுமையான சட்டம் கேட்கும் குரல் எழும், சில மாதங்களில் அடங்கிவிடும். பயந்துபோய்ப் புதிதாக வாங்குபவர்களும் உண்டு. அதுதான் எனக்கு மிகவும் வேதனை.

சரி, வேறு வழியே இல்லையா? ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். 12 நாளில் சட்டத்தை மாற்ற உடன்பாடு வந்தது. 6 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்து வாங்கி அழித்தது. அதுவும் முழுத் தடை இல்லை, விவசாயிகள் உரிமத்தோடு இன்றும் வைத்திருக்கிறார்கள்.