நரகத்துக்கு 28 பேர்

வழித்துணை: வாசகர் கேள்விகளுக்கு நம் வழிகாட்டி அக்கா பதில் சொல்கிறார்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எங்கள் புளோக்கில் காலையில் சேர்ந்து உடற்பயிற்சி செய்யும் குழு ஒன்று இருக்கிறது. மொத்தம் 28 பேர், எல்லாரும் 50 வயதுக்கு மேல். பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் ஒரு நாள் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் வரலாம் என்று பேச்சு. பாதிப் பேர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்கிறார்கள். மீதிப் பேருக்கு ராட்டினம் என்றாலே தலை சுற்றுகிறது. சீனப் புராணக் கதைகளைச் சிலைகளாக வைத்திருக்கும் ஹாவ் பார் வில்லா தோட்டத்துக்குப் போகலாமே என்று நான் சொன்னேன். 'அது சீனர்களுடைய இடம், நமக்கு என்ன புரியும்?' என்று ஓர் அங்கிள் வாயை அடைத்துவிட்டார். வழிகாட்டி வைத்துத் தமிழில் சுற்றிப் பார்க்க முடியுமா? எப்படி ஏற்பாடு செய்வது? (வாசகி, ஈசூன்)

பதில்: அந்த அங்கிளை முதல் வரிசையில் நிறுத்தி வையுங்கள், தங்கச்சி. செத்தவர்களை விசாரித்துத் தண்டிக்கும் பத்து நரக மன்றங்கள் அங்கே சிலைகளாக இருக்கின்றன. ஐந்தாவது மன்றத்துக்கு அதிபதி யென்லுவோ. அவர் வேறு யாருமில்லை, நம்ம எமதர்மராஜாதான். யமராஜா என்ற பெயர் பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய், சீனர் நாவில் உருண்டு யென்லுவோ ஆகிவிட்டது. எண்ணெய்க் கொப்பரைக் கதை சொல்லிப் பாட்டி பயமுறுத்திய வீட்டில் வளர்ந்த நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

என் ஓட்டு ஹாவ் பார் வில்லாவுக்குத்தான். ராட்டினப் பூங்காவில் வழிகாட்டிக்குப் பெரிதாக வேலை இல்லை. வரிசையில் நிற்க யார் கற்றுத் தர வேண்டும்? ஹாவ் பார் வில்லா அப்படியில்லை. 1,000க்கு மேற்பட்ட சிலைகள் அங்கே வாய் திறக்காமல் நிற்கின்றன. கதை சொல்ல ஆள் இல்லாமல் போனால், நண்டு உடம்பில் மனிதத் தலை, அதை ஒரு படம், இதை ஒரு படம் என்று அரை மணியில் வெளியே வந்துவிடுவீர்கள். ஆள் இருந்தால் மூன்று மணி நேரம் போதாது.

இடத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு வசதியாக இருக்கும். ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்று அண்ணன் தம்பி. இருவரும் ரங்கூனில் பிறந்தவர்கள். அப்பா மூலிகை வைத்தியர். அவர் விட்டுச்சென்ற வைத்தியத்தை வைத்துத்தான் பிள்ளைகள் டைகர் பாம் என்ற வலித் தைலத்தைக் கொண்டுவந்து பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். அண்ணன் பெயரில் புலி, தம்பி பெயரில் சிறுத்தை. இரண்டும் சேர்ந்தது ஹாவ் பார். அண்ணன் தன் காருக்குப் புலித்தலை வைத்து ஊரைச் சுற்றியவர். பாசிர் பாஞ்சாங் குன்றின்மேல் தம்பிக்கு ஒரு மாளிகை கட்டி, அதைச் சுற்றி 1937ல் இந்தத் தோட்டத்தையும் அமைத்தார். பிறகு ஜப்பான்காரன் காலம். தம்பி 1944ல் ரங்கூனிலேயே இறந்துபோனார். போருக்குப் பின் மாளிகையையும் இடித்துவிட்டார்கள், தோட்டம் மட்டும் நின்றது. நான் ரங்கூன் என்று சொன்னவுடன் நம் கூட்டத்தில் யாராவது ஒருவர் 'எங்க தாத்தா அங்கேதான் கடை வைத்திருந்தார்' என்று ஆரம்பிப்பார். அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி வைப்பது என் வழக்கம்.

இதைக் கேளிக்கைப் பூங்கா என்று சொல்லலாமா என்று யாராவது இழுத்தால், 1990ஐ ஞாபகப்படுத்துங்கள். அந்த வருஷம் 'டிராகன் வேர்ல்ட்' என்று பெயர் மாற்றி, டிராகன் வயிற்றுக்குள் படகுச் சவாரியெல்லாம் விட்டு, பெரியவர்களுக்கு 16 வெள்ளி வாங்கினார்கள். கொஞ்ச காலம் கூட்டம் அலைமோதியது, அப்புறம் வற்றிவிட்டது. இப்போது தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. 2021ல் திறந்த நரக அருங்காட்சியகத்துக்கு மட்டும் சீட்டு. பத்து மன்றங்களும் அதற்குள் போய்விட்டதால், அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏற்பாட்டுக்கு வருவோம். காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டும் ஆளுக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்க வேண்டும். கழுத்தில் அட்டை தொங்கும், கேட்டுப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். தமிழில் சொல்லக்கூடியவர்கள் எங்களில் கொஞ்சம் பேர்தான், ஆகவே ஒன்றரை மாதம் முன்பே பேசி வையுங்கள். இந்த மாதிரி இடத்தில் 28 பேருக்கு ஒரு தொண்டை பத்தாது. பக்கத்தில் சாலை, வண்டிச் சத்தம் வேறு. ஒன்று, இரண்டு வழிகாட்டிகள். இல்லையென்றால் ஒரே வழிகாட்டி, ஆளுக்கொரு காதொலிக் கருவி. நான் கருவி இல்லாமல் 15 பேருக்கு மேல் ஏற்றுக்கொள்வதில்லை; பதினாறாவது ஆள் எப்போதும் பின்னால் நின்று தன் சொந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். செலவைப் பங்கு பிரித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள். இது நன்றாக இருக்கிறதே என்று லாபம் வைத்து ஊருக்கெல்லாம் விற்கக் கிளம்பினால் பயண முகவர் உரிமம் கேட்பார்கள்.

சனிக்கிழமை காலை நல்லது, வேலைக்குப் போகிற கூட்டம் ரயிலில் இருக்காது. ஈசூனில் ஏறி, பீஷானில் வட்டப் பாதைக்கு மாறினால் ஹாவ் பார் வில்லா நிலையத்திலேயே இறங்கலாம். வெளியே வந்தால் பக்கத்திலேயே நுழைவாயில். வாடகைப் பேருந்து எதற்கு? அந்தக் காசில் ஆளுக்கொரு இளநீர் குடிக்கலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகம் மூடியிருக்கும். நேரத்தையும் கட்டணத்தையும் போவதற்கு முந்தின வாரம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இடம் குன்று என்பதை மறக்காதீர்கள். படியும் சரிவும் நிறைய. முட்டி வலிக்காரர்கள் யார் யார் என்று முன்பே கேட்டு, பெயரை எழுதி வையுங்கள். அன்றைக்குக் கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறுமுன் மேலே ஏறிவிடுங்கள். எட்டுச் சித்தர்கள் கடல் கடக்கும் காட்சி, வெள்ளைப் பாம்புப் பெண், மேற்கே இந்தியாவுக்கு ஏடு தேடி வந்த துறவியும் அவரோடு வந்த குரங்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். குரங்கைக் கண்டதும் 'இது அனுமாரா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி நான் நகர்ந்துவிடுவேன். 11 மணி வெயிலுக்கு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் குளிர்சாதனம் இருக்கும். இதை மாற்றி, நரகத்தை முதலில் காட்டினால் பிறகு யாருக்கும் படியேற மனசு வராது. கடைசி ஆளாக வர ஒருவரை நியமியுங்கள். அவருக்கு ஒரே வேலை: தனக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது.

ஒரு சிலையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல்லில்லாத கிழவி ஒருத்திக்கு ஓர் இளம்பெண் தாய்ப்பால் கொடுக்கிற காட்சி. பக்கத்தில் போகப் போக நம் ஆண்கள் தொலைபேசியைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். பெண்கள் முதலில் சிரிப்பார்கள். நான் அது மகள் இல்லை, மருமகள் என்பேன். சிரிப்பு நின்றுவிடும். சீனர்கள் 24 நல்ல பிள்ளைகளின் கதைகள் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்; சோறு மெல்ல முடியாத மாமியாரை இப்படிக் காப்பாற்றிய மருமகள் அதில் ஒருத்தி. ஒருமுறை என் குழுவில் நிஜ மாமியாரும் மருமகளும் வந்திருந்தார்கள். மாமியார் அந்தச் சிலையை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மருமகள் பக்கம் திரும்பி, 'நீ பயப்படாதே, எனக்கு இன்னும் நாலு பல் இருக்கு' என்றார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தை அடக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

நரக மன்றங்களில் எல்லாத் தண்டனையையும் விளக்கச் சொல்லாதீர்கள். வெட்டு, குத்து, ரத்தம் என்று ஒரே மாதிரி போகும். மூன்று போதும். ஆறாவது மன்றத்தில், சோற்றை வீணாக்கியவர்களை ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். எட்டாவதில், பரீட்சையில் காப்பியடித்தவன் குடலை உருவுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துப்போக நல்ல சரக்கு. பத்தாவதில் மெங் பாட்டி. மறுபிறவிக்குப் போகிறவர்களுக்கு அவள் ஒரு தேத்தண்ணி கொடுப்பாள், குடித்தால் முற்பிறவி மொத்தமும் மறந்துவிடும். 'அதை இப்பவே ஒரு கப் தாப்பாவ் பண்ண முடியுமா?' என்று வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்ட அம்மா ஒருவர் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே இருக்க வேண்டாம். அடுத்த நிலையம் பாசிர் பாஞ்சாங். அங்கே உணவங்காடி நிலையம் இருக்கிறது, ஆளுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். சுத்தம் செய்ய மூடியிருக்கிற நாளா என்று மட்டும் பாருங்கள். பொட்டலம் சொல்வதென்றால், சைவம் எத்தனை, ஹலால் எத்தனை என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னதை நம்பி நான் பட்டிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, 12 சைவப் பொட்டலம் கேட்டிருந்தேன். பிரித்தால் எல்லாவற்றிலும் சம்பல், சம்பலுக்குள் நெத்திலி. 'மீன்தான் இல்லையே, நெத்திலிதானே' என்றார் சாப்பாட்டுக்காரர். அன்றைக்கு விரதக்காரர்கள் 12 பேரும் ரொட்டியும் கோப்பியும் சாப்பிட்டார்கள், பாதிக் காசு என் பையிலிருந்து போனது. ஆனால் ஒன்று, ஆறாவது மன்றத்தைப் பார்த்துவிட்டு வந்த மற்றவர்கள் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.

கேள்வி: நாங்கள் 14 பேர், ஒரே தொழிற்சாலை. 30லிருந்து 50 வயதுவரை ஆண்கள். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகிறோம். வழிகாட்டி அவசியமா? சிலருக்கு ரத்த அழுத்தம். (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன்: அவசியமில்லை, தம்பி. பணம் தாராளமாக இருந்தால் பூங்காக்காரர்களே வழிகாட்டியோடு கூட்டிப்போகும் சிறப்புச் சுற்றுலா வாங்கலாம். இல்லையென்றால் வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் சீட்டு, அதுவும் தனிக் காசு.

14 பேரும் ஒட்டிக்கொண்டே திரிவதுதான் பெரிய தப்பு. ஏறுகிறவர்கள் ஒரு கூட்டம், ஏறாதவர்கள் ஒரு கூட்டம் என்று வாசலிலேயே பிரியுங்கள். ஏறுகிற கூட்டம் திறந்தவுடன் நேரே பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்குப் போகட்டும். இரண்டு தடம் இருக்கும்: சிவப்பில் உட்கார்ந்து போகலாம், நீலத்தில் கால் அந்தரத்தில் தொங்கும். பையிலிருக்கிற சில்லறை, சாவி எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் ஏற விடுவார்கள். ரத்த அழுத்தம், இதயம், முதுகு என்று ஏதாவது இருக்கிறவர்களை 'ஏறுடா, ஒண்ணும் ஆகாது' என்று தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் எச்சரிக்கை எழுதியிருக்கிறது, அதை அவர்களே படிக்கட்டும். அவர்களுக்கு வாட்டர்வேர்ல்ட் காட்சி இருக்கிறது, உட்கார்ந்தே பார்க்கலாம். நனையும் இருக்கைகள் எவை என்று அடையாளம் போட்டிருக்கும். நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போய் உட்காருவார்கள்.

மின்னல் வந்தால் வெளியே ஓடுகிற சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். நம் ஊரில் மதியத்துக்கு மேல் இடி இடிப்பது சாதாரணம். ஆகவே வெளிச் சவாரிகளைக் காலையிலும், கூரைக்குள் இருக்கும் மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இரண்டையும் மதியத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது. போகும்போது விவோசிட்டியிலிருந்து கடலோர நடைபாதையில் நடந்தே போய்விடலாம், திரும்பும்போது கால் கெஞ்சும், ரயிலில் வாருங்கள்.

கேள்வி: சுற்றுலா முடிந்ததும் வழிகாட்டிக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா? (பெயர் வேண்டாம், தேக்கா)

பதில்: சிங்கப்பூரில் கட்டாயமில்லை. பேசிய கட்டணம் போதும். கொடுத்தால் வேண்டாம் என்று நான் இரண்டு தடவை சொல்வேன், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வேன். எனக்குக் கிடைத்ததிலேயே மறக்க முடியாதது ஒன்று. ஹாவ் பார் வில்லாவில் மூன்று மணி நேரம் தொண்டை கிழிய டைகர் பாம் கதை சொல்லி முடித்தேன். ஒரு பாட்டி கண் கலங்கிக் கையைப் பிடித்து, 'பாவம் புள்ள, எவ்வளவு கத்திட்டே, தொண்டையில தடவிக்கோ' என்று ஒரு சின்னப் புட்டியை உள்ளங்கையில் வைத்து மூடினார். ரயிலில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். கோடாலித் தைலம்.