மேண்டலினும் வலது கையும்

வணக்கம் சார்,

புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான், அதன் முன்னோடியான மேண்டலின் கலைஞர் பில் மன்றோவைக் கேட்க ஆரம்பித்தேன். இப்போது ஒரு மேண்டலின் வாங்கி, ஃபிடிலுக்கான (நாட்டுப்புற வயலின்) மெட்டுகளைப் பழகுகிறேன். மெதுவாக வாசித்தால் வருகிறது. வேகம் கூட்டியதும் வலது கை இறுகி, முழங்கை வரை வலிக்கிறது. சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றிக்கொள்ளச் சொல்கிறார் ஒருவர், கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர். அப்புறம் அந்த 'சாப்', தாளத்துக்காகச் சட்டென்று வெட்டி அடிக்கும் அடி. புளூகிராஸ்காரர்கள் அடித்தால் 'டக்' என்று வெட்டுகிறது, எனக்கு 'ஜல்' என்று இழுக்கிறது. உள்ளங்கையால் தந்திகளை அமுக்கியும் சரிவரவில்லை. எதைத் திருத்த வேண்டும்?

முரளி, கோவை

அன்புள்ள முரளி,

வேகத்தை விடுங்கள். கை எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பாருங்கள்.

'தா... தக, தா... தக' என்று நகரும் ஒரு மெட்டை எடுத்துக்கொள்வோம். ஃபிடில் மெட்டுகளில் இது நிறைய வரும். பலரும் 'தா'வைக் கீழ்நோக்கி அடித்துவிட்டு, ஒன்று விட்டு ஒன்று மாற வேண்டும் என்று நினைத்து அடுத்த 'த'வை மேல்நோக்கி எடுப்பார்கள். அப்படிப் போனால் அடுத்த 'தா' மேல்நோக்கி வந்துவிடும். மெதுவாக வாசிக்கையில் இது உறைக்காது. வேகத்தில் கை குழம்பும், குழப்பத்தைச் சமாளிக்க இறுகும். அடி விழும் இடத்தில் எப்போதும் கீழ், நடுவில் எப்போதும் மேல். 'தா'வுக்குப் பிறகு ஒலியே இல்லாத இடத்திலும் கை தந்தியைத் தொடாமல் மேலே போய்விட வேண்டும். அப்போதுதான் 'தக' கீழ், மேல் என்று விழும். உங்கள் இறுக்கம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும். கை கழுவிவிட்டு ஈரத்தை உதறுவோமே, அதேதான். பிக்கை, அதாவது தந்தியை மீட்டும் சில்லை, கீழே விழாத அளவுக்குப் பிடித்தால் போதும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில், முனை மழுங்கியதாக வாங்குங்கள். மெல்லிய பிக் இரட்டைத் தந்தியில் பட்டதும் வளைந்துவிடும். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

சுண்டுவிரலை ஊன்றாதீர்கள், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். விரல்கள் பலகையை லேசாக உரசிப் போனால் தப்பில்லை.

சாப்புக்கு உள்ளங்கையே வேண்டாம். அந்த 'டக்' பிறப்பது இடது கையில். விரல் படாத திறந்த தந்தி எதுவும் இல்லாத கார்டாக (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடியுங்கள். வலது கை கனத்த தந்தியிலிருந்து ஒரே வீச்சில் இறங்கியதும் இடது விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். தந்தியை விட்டு விரலை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் மறுபடி 'ஜல்'தான். மன்றோவின் குழுவில் டிரம்ஸ் கிடையாது. நான்கு அடித் தாளத்தில் பாஸ் கருவி ஒன்றிலும் மூன்றிலும் நிற்க, இரண்டிலும் நான்கிலும் விழுந்த இந்த வெட்டுதான் டிரம்ஸ் வேலையைப் பார்த்தது. நீங்கள் கொஞ்சம் முந்தினால் மொத்தக் குழுவும் ஓட ஆரம்பித்துவிடும்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் மன்றோவே இந்தக் கீழ்-மேல் கணக்குக்குள் அடங்குகிறவர் இல்லை. கென்டக்கியின் ரோசினில் சிறுவனாக இருந்தபோது, தாய்மாமன் பென் வேன்டிவர் நடனங்களுக்கு ஃபிடில் வாசிக்கப் போனால் கூடவே கிதாரோடு போனவர். ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடம் ப்ளூஸ் கேட்டு வளர்ந்தவர். மாமாவின் வில் வீச்சும் அந்த ப்ளூஸும் அவர் வலது கையில் இருக்கின்றன. மேல்வீச்சு வர வேண்டிய இடத்திலும் கீழ்நோக்கியே அடுத்தடுத்து அடிப்பார். ஒலி கனத்து, கொஞ்சம் முரடாக வரும். எனக்கு அந்த முரட்டுத்தனம் உயிர். பிசிறே இல்லாத இன்றைய வாசிப்புகள் பலவற்றில் அது இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. 1946, 47-ல் அவர் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவுசெய்தவற்றில், அவர் குழுவில் இருந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸின் பேஞ்சோவுக்குப் பின்னால் மேண்டலின் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

அதைப் பின்பற்றுவது அப்புறம். இப்போதைக்கு மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) இரண்டிலும் நான்கிலும் மட்டும் அடிக்க வைத்து, ஒரே மெட்டை அந்த வெற்று வீச்சோடு வாசித்து வாருங்கள். கை தானாகப் போய்வர ஆரம்பித்ததும் எழுதுங்கள், மன்றோவின் கீழ்வீச்சுகளைப் பற்றித் தனியாகப் பேசலாம்.