அரை அங்குலமா, ஒரு அங்குலமா?

கேள்வி: மாடியுடன் கூடிய வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மொட்டை மாடியில் மூன்றடி உயர மேடை கட்டி, அதன்மேல் தண்ணீர்த் தொட்டியை வைக்கப்போகிறோம். மாடிக் குளியலறையின் ஷவரில் தண்ணீர் வேகமாக விழ வேண்டுமானால் அரை அங்குலக் குழாய்தான் போட வேண்டும், குழாய் பெரிதாக ஆக வேகம் குறைந்துவிடும் என்று பிளம்பர் சொல்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு அங்குலக் குழாய் போட்டிருக்கிறார்கள். எது சரி?
(வாசகி, கரூர்)

பதில்: பக்கத்து வீட்டார் செய்திருப்பதுதான் சரி. பிளம்பர் சொல்வது பல ஊர்களில் பரவலாக நம்பப்படும் கருத்து என்பதால், அது எங்கே பிழைபடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் நுனியை விரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சி அடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த நம்பிக்கை அதிலிருந்து வந்திருக்கக்கூடும். அங்கே குறுகுவது நுனி மட்டுமே. அதுவரை குழாய் முழு அகலத்துடன் இருப்பதால்தான் அழுத்தம் குறையாமல் நுனிவரை வந்து சேர்கிறது. ஷவரின் துளைகளே அந்த விரலின் வேலையைச் செய்துவிடுகின்றன. தொட்டியிலிருந்து ஷவர்வரை முழு நீளத்தையும் குறுக்கினால், தண்ணீர் குழாயின் உட்சுவரோடு உராய்ந்தே தன் அழுத்தத்தை வழியில் இழந்துவிடும்.

அழுத்தத்தைத் தருவது தொட்டியின் உயரம் மட்டுமே. 10 மீட்டர் உயரத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். உங்கள் மாடியறையின் உயரம் பத்தடி, ஷவர் ஏழடியில் இருக்கிறது, மேடை மூன்றடி என்று கொண்டால், ஷவருக்கும் தொட்டியின் அடிப்பகுதிக்கும் இடையே ஏறத்தாழ ஆறடி, அதாவது 1.8 மீட்டர்தான் இருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது இன்னும் மூன்று நான்கு அடி கூடும். தொட்டி காலியாகும் நேரத்தில் இந்த ஆறடிதான் உங்கள் கையிருப்பு. கிடைப்பதே இவ்வளவு குறைவாக இருக்கும்போது, அதை வழியில் இழக்காமல் இறுதிவரை கொண்டுசேர்ப்பதுதான் குழாயின் அளவைத் தேர்ந்தெடுப்பதன் முழு நோக்கம்.

வீட்டுக்குள் பெரும்பாலும் பயன்படுத்தும் சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயை எடுத்துக்கொள்வோம். எஸ்டிஆர் 11 வகையில் (வெளிவிட்டம் சுவர்த் தடிமனைப்போல் 11 மடங்கு இருக்கும் வகை) அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 12.5 மி.மீ., முக்கால் அங்குலத்தில் 18 மி.மீ., ஒரு அங்குலத்தில் 23 மி.மீ. நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 10 மீட்டர் நீளக் குழாயில் தண்ணீர் ஓடினால், உராய்வினால் இழக்கும் அழுத்தம், தண்ணீர் உயரக் கணக்கில், அரை அங்குலத்தில் ஏறத்தாழ 2 மீட்டர். முக்கால் அங்குலத்தில் 35 செ.மீ.க்கும் குறைவு; ஒரு அங்குலத்தில் 10 செ.மீ. மட்டுமே. உங்களிடம் இருப்பதே 1.8 மீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அரை அங்குலக் குழாயில் அந்த 10 லிட்டர் வரவே வராது. ஷவர் திறந்திருக்கும்போது யாராவது வாஷ்பேசின் குழாயைத் திறந்தால், வருகிற கொஞ்சமும் ஒழுகலாகிவிடும். இவற்றில் எல்போக்களை (குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைவு இணைப்பிகளை) நான் சேர்க்கவில்லை. முக்கால் அங்குலக் குழாயில் ஒவ்வொரு எல்போவும் ஏறத்தாழ அரை மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான இழப்பைத் தரும் என்பதால், திருப்பங்களைக் குறைப்பதும் அளவைக் கூட்டுவதற்கு ஒப்பான பலனைத் தரும்.

ஆகவே, தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயை ஒன்றரை அல்லது ஒன்றேகால் அங்குலத்தில் எடுங்கள். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனிக் குழாய்களை இறக்குங்கள். ஒரே குழாயில் இரண்டு தளங்களையும் இணைத்தால், உயர வசதி அதிகமுள்ள கீழ்த்தளத்தில் குழாயைத் திறந்தவுடன் மாடி ஷவர் தளர்ந்துவிடும். ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு அங்குலம் கொண்டுபோய், சுவருக்குள் முக்கால் அங்குலமாக மாற்றி, குழாய்வாயும் ஷவரும் மாட்டும் இடத்தில் மட்டும் அரை அங்குலத்துக்கு இறக்குங்கள். அந்தக் கடைசி அரை அங்குலம் தவிர்க்க முடியாதது. பொருத்திகளின் மரையே அந்த அளவில்தான் வருகிறது.

வெந்நீர்க் குழாய்க்கு மட்டும் இந்த ஆலோசனை மாறும். ஒரு அங்குலக் குழாயில் மீட்டருக்கு 430 மி.லி. தண்ணீர் தங்கும், முக்கால் அங்குலத்தில் ஏறத்தாழ 260 மி.லி. தங்கும். ஹீட்டரிலிருந்து வெந்நீர் வந்து சேரும்வரை அந்த ஆறிய தண்ணீரைத்தான் கீழே விட வேண்டியிருக்கும். எனவே ஹீட்டருக்குப் பிறகு முக்கால் அங்குலமே போதுமானது.

இவ்வளவு செய்த பிறகும், தட்டு போன்ற அகன்ற ஷவரைப் பொருத்த விரும்பினால் ஆறடி உயரம் அதற்குப் போதாது. மேடையை உயர்த்துங்கள், அல்லது பிரஷர் பம்பு வையுங்கள்.

கேள்வி: தோட்டத்துக்கு வாங்கிய 25 மி.மீ. பிவிசி குழாய் மிச்சம் இருந்தது. அதை வீட்டின் ஒரு அங்குல வெள்ளைக் குழாயோடு இணைக்கப் பார்த்தால் பொருந்தவில்லை. ஒரு அங்குலம் என்பது 25 மி.மீ. தானே? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கடைக்காரர் மீது குற்றமில்லை. பாசனத்துக்கு நாம் வாங்கும் குழாய்கள் ஐஎஸ் 4985 என்ற இந்தியத் தரத்தைச் சேர்ந்தவை. அவற்றில் 25 மி.மீ. என்று அச்சிடப்பட்டிருப்பது குழாயின் வெளிவிட்டம். வீட்டுக்குப் போடும் ஷெட்யூல் வகை (சுவர்த் தடிமனை ஷெட்யூல் எண்ணால் குறிக்கும் வகை) வெள்ளைக் குழாயில் ஒரு அங்குலம் என்பது வெறும் பெயரளவு. அதன் வெளிவிட்டம் 33.4 மி.மீ. சிபிவிசி குழாயில் அதே ஒரு அங்குலத்தின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. ஆக, கடையில் "ஒரு இஞ்சு" என்று கேட்டால், ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று குழாய்களில் எதுவும் உங்கள் கைக்கு வரலாம்.

இதற்கு மாற்றாகப் பலர் குழாயின் முனையைத் தீயில் வாட்டி, விரித்துச் செருகிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாட்டிய இடத்தில் சுவர் மெலிந்துபோகும். சுவருக்குள் பூசி மூடிய பிறகு அங்கே கசிந்தால், டைல்ஸை உடைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு முனைகளிலும் மரை உள்ள இணைப்பிகளை ஒட்டி, மரையோடு மரையாகச் சேர்ப்பதே பாதுகாப்பான வழி. சிபிவிசிக்குரிய பசையும் பிவிசிக்குரிய பசையும் வெவ்வேறு என்பதையும் கவனியுங்கள். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் ஐஎஸ் எண்ணையும் அளவையும் படித்துவிட்டு, சிறு துண்டு ஒன்றை வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போவது நல்லது.

கேள்வி: கழிப்பறைக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க 110 மி.மீ.க்குப் பதிலாக 160 மி.மீ. போடலாமா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஒரு கழிப்பறைக்கு வேண்டாம். கழிவுக் குழாயில் அழுத்தம் கிடையாது. ஓடும் தண்ணீர்தான் திடக்கழிவை மிதக்கவைத்து இழுத்துச் செல்கிறது. ஃபிளஷ் தொட்டியின் அதே தண்ணீர் அகலமான குழாயில் மெல்லியதாகப் பரவினால், கழிவு பின்தங்கிப் படிந்துவிடும்; அடைப்பைத் தவிர்க்கப் போட்ட குழாயே அடைப்புக்குக் காரணமாகும். 110 மி.மீ. குழாயையே 40 அடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் பதியுங்கள். எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீர்) குழாய்களில் 'பி' வகையைக் கேட்டு வாங்குங்கள்; சுவர் மெல்லிய 'ஏ' வகை மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும் உரியது. பல வீடுகளின் கழிவு ஒன்றுசேரும் தெருப்பக்கக் குழாய்க்குத்தான் 160 மி.மீ. பொருந்தும்.