ஜெயித்த அணியை விட்டுவிட்டு, ஊரை விட்டுப் போன அணியைப் படியுங்கள்

கேள்வி: கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். பேஸ்பாலில் ஒரே ஓர் அணியின் வரலாற்றைப் படிக்கலாம் என்றால் எதைப் படிப்பது? நியூயார்க் யாங்கீஸா?

யாங்கீஸ் வேண்டாம். வருடா வருடம் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை 27 முறை வென்ற அணிதான், மறுக்கவில்லை. ஆனால் ஜெயித்துக்கொண்டே இருப்பவன் கதையில் படிக்க என்ன இருக்கிறது? என் பதில் டாட்ஜர்ஸ். அதுவும் இன்றைய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் இல்லை, 1957 வரை நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த டாட்ஜர்ஸ். இரண்டும் ஒரே அணிதானே என்று கேட்பீர்கள். நானும் ஒருமுறை ஒருவரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், ஓய்வு பெற ஒரு வருடமோ என்னவோ பாக்கி. புரூக்ளினில் பிறந்தவர். அவர் கணினிக்கு மேல் சாயம் போன நீலத் தொப்பி ஒன்று தொங்கும், அதில் வெள்ளை நூலில் 'பி' எழுத்து. எந்த அணி என்று கேட்டேன். "இப்போது இல்லாத அணி" என்றார். "லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறதே" என்று நான் வாயைவிட, அன்று மதியச் சாப்பாடு முழுக்க எனக்கு வகுப்பு நடந்தது. கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த வகுப்பில் கேட்டது, பின்னால் நானே தேடிப் படித்தது மீதி.

முதலில் பெயர். 1883-இல் தொடங்கிய அணி. 1890-களில் புரூக்ளின் தெருக்களில் மின்சார டிராம் வந்தது. குதிரை வண்டி வேகத்துக்குப் பழகியிருந்த ஜனங்கள் திடீரென்று டிராமுக்கு அடிபடாமல் குதித்து ஓட வேண்டியதாயிற்று. அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கே 'டிராமுக்குத் தப்புகிறவர்கள்' ('டிராலி டாட்ஜர்ஸ்') என்று கேலிப் பெயர், அதுவே சுருங்கி அணியின் பெயர் ஆனது. அதற்கு முன்னால் இன்னொரு பெயரும் உண்டு: 'மாப்பிள்ளைகள்'. 1888 வாக்கில் ஆட்டக்காரர்கள் பலருக்கு அடுத்தடுத்துக் கல்யாணம் ஆனதால் அப்படி.

மைதானம் எபெட்ஸ் ஃபீல்டு. உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ், ஜனங்கள் 'பன்றிப்பட்டி' என்று சொன்ன குப்பைமேட்டுப் பகுதியில் துண்டு துண்டாக நிலம் வாங்கிக் கட்டி 1913-இல் திறந்தார். திறப்பு நாளில் கதவுச் சாவியை மறந்துவிட்டார்கள் என்றும், பத்திரிகைக்காரர்களுக்கு இடம் கட்டவே மறந்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். இந்த அணிக்கு அது பொருத்தமான தொடக்கம்தான். சின்ன மைதானம், 32 ஆயிரம் பேர் கொள்ளும், ஆட்டக்காரர் முணுமுணுப்பது முன்வரிசைக்குக் கேட்கும். ஹில்டா செஸ்டர் என்ற அம்மாள் மாட்டுமணியைக் கையில் வைத்து ஆட்டம் முழுக்க ஆட்டிக்கொண்டிருப்பார். ஸ்கோர்போர்டுக்குக் கீழே ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரரின் விளம்பரம்: இந்தப் பலகையைப் பந்தால் அடித்தால் ஒரு சூட் இலவசம். பலகை தரையோடு தரையாக இருந்தது, அதன் முன்னால் எப்போதும் ஒரு ஃபீல்டர் நிற்பார். அதனால் ஸ்டார்க்குக்கு நட்டம் ஒன்றுமில்லை. அந்தப் பலகையால் ஊரெல்லாம் தெரிந்த முகமாகி, பின்னாளில் புரூக்ளின் பகுதியின் தலைவராகவே ஆனார்.

அணி ஆடிய லட்சணம்? 1926-இல் ஒரு ஆட்டம். பேப் ஹெர்மன் ஓங்கி அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறார். முன்னால் ஓடியவர் பாதியில் திரும்புகிறார், இன்னொருவர் நகராமல் நிற்கிறார், கடைசியில் மூன்றாம் பேஸில் ஒரே சமயத்தில் மூன்று பேர். (பேஸ் என்பது ஓடுபவர் போய் நிற்கும் இடம், ஒன்றில் ஒருவர்தான் நிற்கலாம்.) நம் ஊரில் இரண்டு பேட்ஸ்மேன்களும் ஒரே முனையில் போய் நின்று ரன் அவுட் ஆவார்கள் இல்லையா, அதற்கு அண்ணன் இது. "டாட்ஜர்ஸுக்கு பேஸில் மூன்று பேர்!" என்று ஒருவன் சொன்னால் "எந்த பேஸில்?" என்று மற்றவன் கேட்பது அந்த ஊரின் நிரந்தர ஜோக். ரசிகர்களே அணியை 'நம்ம உதவாக்கரைகள்' என்றுதான் கொஞ்சினார்கள்.

சரி, உதவாக்கரைகளை ஏன் படிக்க வேண்டும்? 1947 ஏப்ரல் 15. அன்று ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் டாட்ஜர்ஸின் ஃபீல்டராக முதல் பேஸில் வந்து நின்றார். 1884-க்குப் பிறகு பெரிய லீக்குகளில் கறுப்பர் ஒருவர்கூட ஆடவில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது, எல்லா உரிமையாளர்களும் வாய்பேசாமல் காத்த கட்டுப்பாடு அது. கறுப்பர்களுக்குத் தனி லீக்குகள், தனிப் பேருந்து, கிடைத்த இடத்தில் தூக்கம். அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது டாட்ஜர்ஸின் பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கி. 1945-இல் ராபின்சனைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் பேசினார், எதிராளிகள் எப்படியெல்லாம் திட்டுவார்கள் என்று தானே நடித்துக் காட்டினார். அவர் கேட்டது, திருப்பி அடிக்காமல் நிற்கும் தைரியம். யாரிடம் கேட்டார் என்று பாருங்கள். 1944-இல் ராணுவத்தில் இருந்தபோது பேருந்தில் பின்னால் போய் உட்கார் என்றதற்கு மறுத்து, ராணுவ நீதிமன்றம் வரை போய், விடுதலையாகி வந்தவர் ராபின்சன். அடங்கிப் போகிற சுபாவமே இல்லை. அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம், ஆட்டத்திறமை அதற்கு அப்புறம்தான்.

ரிக்கியை மகானாக்கவும் எனக்கு விருப்பமில்லை. ராபின்சன் ஆடிக்கொண்டிருந்த கறுப்பர் லீக் அணியான கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு அவர் ஒரு காசு இழப்பீடு தரவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் இப்படிப் போகப் போக அந்த லீக்குகள் சில வருடங்களில் நொடித்துப்போயின. கறுப்பர்கள் சொந்தமாக நடத்திய ஒரு தொழில் அதோடு போனது. இதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

ராபின்சன் ஆட வந்த முதல் மாதத்திலேயே பிலடெல்ஃபியா அணியின் மேனேஜர் பென் சாப்மனும் அவர் ஆட்களும் மைதான ஓரத்திலிருந்து எழுதக் கூசும் வார்த்தைகளைக் கத்தினார்கள். ராபின்சன் வாய் திறக்கவில்லை. கடைசியில் டாட்ஜர்ஸின் எடி ஸ்டாங்கிதான் எழுந்து, திருப்பிப் பேச முடிந்தவனிடம் போய்க் கத்துங்கள் என்று சீறினார். சீசன் தொடங்குமுன், இவரோடு ஆடமாட்டோம் என்று மனு எழுதப் பார்த்தவர்கள் இருந்த அணி இது! அப்புறம் அதே அணியின் பீ வீ ரீஸ், தெற்கே கென்டக்கிக்காரர், கூட்டம் கூச்சல் போட்டபோது ராபின்சன் தோளில் கைபோட்டு நின்றார் என்று ஒரு கதை. அது எந்த வருடம் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள், ஆனால் அந்தக் காட்சி 2005 முதல் கோனி தீவில் சிலையாக நிற்கிறது. 1947-இல் ராபின்சனின் அடிச் சராசரி .297, லீக்கிலேயே அதிகமாக 29 பேஸ் திருடினார் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), சிறந்த புதுமுகம் விருது. 1949-இல் .342 அடித்து லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். அவருடைய 42-ஆம் எண்ணை 1997-இல் எல்லா அணிகளிலுமே நிறுத்திவிட்டார்கள். வருடம் ஒரு நாள், ஏப்ரல் 15 அன்று மட்டும், எல்லோரும் 42 அணிந்து ஆடுகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் கோப்பை மட்டும் இல்லை. 1941, 47, 49, 52, 53, ஐந்து முறையும் உலகத் தொடரில் யாங்கீஸிடம் தோல்வி. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பது புரூக்ளினின் பல்லவி. 1955-இல்தான் அந்த அடுத்த வருஷம் வந்தது, மறுபடியும் யாங்கீஸ், ஏழாவது ஆட்டம். டாட்ஜர்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜானி பாட்ரஸுக்கு 23 வயது முடிந்து நான்கு நாள். 2-0 முன்னிலை, ஆறாவது இன்னிங்ஸ், யாங்கீஸுக்கு இரண்டு பேர் பேஸில். யோகி பெர்ரா வழக்கமாக வலப்பக்கம் அடிப்பவர் என்பதால் ஃபீல்டர்கள் எல்லாம் அந்தப் பக்கம் நகர்ந்து நிற்க, பந்து இடது மூலைக் கோட்டை ஒட்டிப் பறந்தது. அந்த இன்னிங்ஸில்தான் அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட கியூபாக்காரர் சாண்டி அமோரோஸ் தலைதெறிக்க ஓடிக் கையை நீட்டினார், பந்து கையுறையில் விழுந்தது. அவர் இடதுகைக்காரர், எனவே கையுறை வலது கையில், அதாவது பந்து வந்த பக்கத்தில். வலதுகைக்காரராக இருந்திருந்தால் உடம்பைக் குறுக்கே திருப்ப வேண்டும், அரை அடி எட்டியிருக்காது. பிடித்த வேகத்தில் ரீஸுக்கு எறிந்தார், ரீஸ் முதல் பேஸுக்கு எறிந்தார், பந்து பிடிபட்டதால் அங்கே திரும்ப வேண்டிய ஆள் திரும்புவதற்குள் இன்னொரு அவுட். பெரியவர் இதைச் சொல்லும்போது அலுவலக உணவகத்தில் எழுந்து நின்று வலது கையை நீட்டிக் காட்டினார். அப்போது அவருக்கு 11 வயதாம், பள்ளியில் வாத்தியாரே ரேடியோ வைத்தாராம்.

கடைசி அவுட் எல்ஸ்டன் ஹோவர்ட், யாங்கீஸுக்கு ஆடிய முதல் கறுப்பர், ஆட வந்ததே அந்த வருடம்தான். ராபின்சன் வந்து எட்டு வருடம் கழித்து!

இரண்டே வருடத்தில் அணி ஊரை விட்டே போனது. உரிமையாளர் வால்டர் ஓ'மாலி, அட்லாண்டிக் சாலையும் ஃபிளாட்புஷ் சாலையும் சேரும் இடத்தில் புது மைதானம் கட்ட நிலம் எடுத்துத் தரச் சொன்னார். நகரக் கட்டுமானங்களைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் முடியாது என்றார், நியூயார்க்கின் இன்னொரு பகுதியான குவீன்ஸுக்குப் போ என்றார். புரூக்ளினை விட்டுப் போவது என்றாகிவிட்டால் குவீன்ஸ் என்ன, கலிஃபோர்னியா என்ன? 1957 செப்டம்பர் 24, எபெட்ஸ் ஃபீல்டில் கடைசி ஆட்டம், வந்தவர்கள் 6,702 பேர். 1960-இல் மைதானத்தை இடித்தார்கள், இடிக்கிற இரும்புக் குண்டுக்கு பேஸ்பால் மாதிரியே வெள்ளையும் சிவப்புத் தையலுமாகச் சாயம் அடித்து. ஒரு துப்பாக்கி, இரண்டு குண்டு, எதிரே ஹிட்லர், ஸ்டாலின், ஓ'மாலி, யாரைச் சுடுவாய் என்றால் "ஓ'மாலியை, இரண்டு தடவை" என்பது புரூக்ளின் ஜோக். பெரியவர் சிரிக்காமல் சொன்னார். ஓ'மாலியைவிட மோசஸ்மீதுதான் தப்பு அதிகம் என்பது என் கட்சி. அவரிடம் அதைச் சொல்லும் துணிச்சல் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ஃபோர்டு சாலைக்குப் போய்ப் பார்த்தேன். மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, சுவரில் எபெட்ஸ் ஃபீல்டு இருந்த இடம் என்று ஒரு கல், யாரும் நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை.

இப்போது மறுபக்கம். லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர் மைதானம் நிற்கும் சாவேஸ் ரவீன், மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் ஆடு கோழி வளர்த்து வாழ்ந்த மூன்று சிற்றூர்கள். அரசுக் குடியிருப்பு கட்டித் தருகிறோம், உங்களுக்குத்தான் முதலிடம் என்று சொல்லி 1950 முதல் காலி செய்யச் சொன்னார்கள். குடியிருப்புத் திட்டம் கைவிடப்பட்டது, நிலம் டாட்ஜர்ஸுக்குப் போனது. 1959 மே 7 இரவு, கார் விபத்தில் முடமான பழைய புரூக்ளின் ஆட்டக்காரர் ராய் கேம்பனெல்லாவுக்காக லாஸ் ஏஞ்சலஸில் வேறொரு மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு 93,103 பேர் வந்தார்கள். ரீஸ் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வர, விளக்கெல்லாம் அணைத்துக் கூட்டம் தீக்குச்சி கொளுத்திப் பிடித்தது. மறுநாளே, மே 8 அன்று, சாவேஸ் ரவீனில் கடைசியாக மிஞ்சிய குடும்பத்தைப் போலீஸ் இழுத்து வெளியேற்றியது, ஒரு பெண்ணைக் கைகாலைப் பிடித்துத் தூக்கி. 1981-இல் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா என்ற 20 வயது மெக்சிக்கர் பந்து வீச வந்த பிறகுதான் அந்த மக்கள் பெருங்கூட்டமாக அந்த மைதானத்துக்குள் வந்தார்கள். அப்போதும் வரமாட்டேன் என்றவர்கள் உண்டு.

புரூக்ளின் இழந்தது ஓர் அணியை. இவர்கள் இழந்தது வீட்டை. அழுது எழுதப்பட்ட பக்கங்களோ முதலாவதற்குத்தான் அதிகம். இதைப் படித்துவிட்டு ஒருநாள் பெரியவரிடம் சொன்னேன். சாவேஸ் ரவீன் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தூக்கிப்போகும் படத்தை என் திரையில் கொஞ்ச நேரம் பார்த்தார். 1950-இல் காலி செய்யச் சொன்னது நகராட்சி, ஓ'மாலி அப்போது புரூக்ளினில்தான் இருந்தார் என்று விளக்கினேன். "அதனால் என்ன, இதையும் அவன் கணக்கிலேயே எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.