கட்டையை அறுக்கும் முன்

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய இரட்டைக்குழல் 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி, லைசென்ஸ் இப்போது என் பெயரில். அவர் ஆறடி, நான் ஐந்தே காலடி. கிளப்பில் பறக்கும் களிமண் தட்டைச் சுட்டுப் பழகுகிறேன், பத்துக்கு இரண்டுதான் உடைகிறது, கன்னம் வேறு வீங்குகிறது. எங்கள் ஊர் ஆசாரியிடம் கொடுத்துத் தோளில் பதியும் மரக்கட்டையில் ஓர் அங்குலம் அறுத்துவிடலாமா?
- தொண்டி வாசகர்

பதில்: ரம்பம் கொஞ்ச நாள் பொறுக்கட்டும் தம்பி. உங்களுக்கு இரண்டு கோளாறு கலந்திருக்கிறது போலத் தெரிகிறது. துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கும்போது கட்டை அக்குளில் சட்டையோடு சிக்குகிறதா? அப்படியென்றால் நீளம் அதிகம். ஆனால் கன்னம் வீங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: பழைய துப்பாக்கிகளில் கட்டை பின்பக்கம் நன்றாகச் சரிந்திருக்கும், கன்னம் பதிய இடம் இருக்காது, வெடித்ததும் கட்டை எழும்பி அறையும்.

ரைபிளில் முன்குறி, பின்குறி இரண்டும் உண்டு. இதில் குழல் முனையில் குறிபார்க்க ஒரு சிறு உருண்டை மணி மட்டும்தான், பின்குறி உங்கள் கண். கண் உயர்ந்தால் ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) தட்டுக்கு மேலே போகும், தாழ்ந்தால் கீழே. ஆசாரி பாஷையில் சொன்னால், கட்டையில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, மாற்றினால் 48 அடி தூரத்தில் ரவை சுமார் ஓர் அங்குலம் நகரும். அவ்வளவு நுணுக்கமான விஷயத்தை ரம்பத்தில் ஆரம்பிப்பார்களா?

முதலில் இரண்டு குழலும் காலியா என்று இரண்டு தடவை பாருங்கள். அப்புறம் கண்ணாடி முன் நின்று, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்து, கண்ணைத் திறங்கள். குழலின் பின்பக்க இரும்பு மறைத்து மணியே தெரியவில்லை என்றால் கட்டையில் கன்னம் பதியும் மேடு பத்தாது. கன்னம் படும் இடத்தில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, சுடுதளத்தில் பெரிய தாளில் சுட்டுப் பாருங்கள். நிதானமாகக் குறி பிடிக்காமல், தட்டைச் சுடுவது போலச் சட்டென்று தூக்கிச் சுட வேண்டும். வலதுகைக்காரருக்கு இடது கண் ஓங்கியிருந்தால், அதாவது குறி பார்ப்பதில் இடது கண்ணே முந்தினால், சாதாரணக் கட்டை எதுவும் உதவாது, அதையும் சோதித்துவிடுங்கள்.

நீளத்துக்கு, முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விசைக்கு விரல் எட்டுகிறதா என்று பார்க்கும் முறையை நான் நம்புவதில்லை. தோளில் வைத்துப் பிடிக்கும்போது பிடிகையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் அகலம் இருந்தால் போதும். கடையில் வரும் கட்டைகள், விசையிலிருந்து பின்முனை வரை, 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும், உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறையலாம். பின்முனையில் பொருத்தும் ரப்பர் பட்டையின் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, முதலில் கால் அங்குலம் மட்டும் எடுங்கள்.

ஊர் ஆசாரி வேண்டாம். துப்பாக்கியைப் பழுதுபார்க்க லைசென்ஸ் உள்ளவரிடமே போங்கள், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. குழலைக் குறைப்பது தனிக் குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். சூடு காட்டிக் கட்டையை வளைத்தே மேட்டை உயர்த்தித் தரும் கைகாரர்களும் உண்டு.

அறுத்த முகத்தை மட்டும் பச்சையாக விடாதீர்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் அந்த மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும், ரப்பர் பட்டையைப் பொருத்தும் முன்பே ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று பூச்சு கொடுத்துக் காயவிடச் சொல்லுங்கள்.