குறட்டை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமா?

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. பிறவியிலேயே கீழ்த்தாடை சிறியது, அண்ணமும் பிளந்திருந்தது. பியர் ராபின் என்ற பிறவிக் குறைபாடு என்றார்கள். அண்ணப்பிளவை 1 வயதில் அறுவை செய்து மூடிவிட்டார்கள். இப்போது கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, வாயைத் திறந்தபடி, உரத்த குறட்டையுடன் தூங்குகிறான். தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. பகலிலோ துளிச் சோர்வும் இல்லை, ஓரிடத்தில் உட்காருவதே இல்லை. அசந்து தூங்குவதால்தான் குறட்டை என்கிறார் என் மாமியார். பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. குறட்டையைவிட, கழுத்தை வளைத்துத் தூங்குவதாக நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமானது. தாடை சிறியதாக இருந்தால் நாக்குக்கு முன்னால் இடம் போதாது. உறக்கத்தில் தசைகள் தளரும்போது அது பின்னுக்குச் சரிந்து தொண்டையை அடைக்கிறது. கழுத்தைப் பின்னுக்கு வளைத்தால் வழி சற்றுத் திறக்கும் என்பதைக் குழந்தையின் உடல் தானாகவே கண்டுகொள்கிறது. அண்ணத்தை மூடியது பேச்சுக்கும் உண்பதற்கும் அவசியமே. ஆயினும் அதனால் மூக்குக்குப் பின்னுள்ள காற்றுவழி குறுகக்கூடும். மூக்குக்குப் பின்னுள்ள அடினாய்டு சதையும் தொண்டையின் இருபுறமுள்ள டான்சிலும் பெரிதாகும் வயதும் இதுவே.

பகல் சுறுசுறுப்பை நம்பிவிட வேண்டாம். மூச்சுத் தடையால் தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகள் பலரோ அமைதியிழந்து ஓடுவார்கள், கவனம் சிதறுவார்கள்.

இரவு முழுவதும் மூச்சு, ஆக்சிஜன், மூளை அலைகள் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் தூக்க ஆய்வே மூச்சுத் தடையை உறுதிசெய்யும். மணிக்கு 5 முறைக்குள் மூச்சு தடைபடுவது பெரியவர்களுக்கு இயல்பாகக் கருதப்படுகிறது. குழந்தைகளுக்கோ 1 முறையைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். கைபேசியில் காணொளி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் விடியற்காலையிலும் எடுங்கள். தடை மோசமாகும் கனவுத் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம்.

சிகிச்சை ஆய்வின் முடிவைப் பொறுத்தது. டான்சில், அடினாய்டை அகற்றுதல், முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி, கடுமையான நிலையில் தாடை எலும்பை வெட்டி நாளொன்றுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் நீட்டும் அறுவை எனப் பல வழிகள் உண்டு. அண்ணப்பிளவு மூடிய குழந்தைக்கு அடினாய்டை முழுதாக எடுத்தால் பேசும்போது காற்று மூக்கு வழியே கசிந்து பேச்சு கெடலாம். ஆகவே அண்ணத்தை அறுவை செய்த குழுவைக் கலந்துகொள்ளாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். வேறு எந்த அறுவைக்குப் போனாலும், மயக்க மருந்து நிபுணரிடம் குறட்டையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ ஆய்வுத் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.